கூடாரம், கடல், குடும்பம்: இராமநாதபுரம் கரையில் படம் எடுப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரியமான், மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி என்று நீளும் கரையில் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் கூடாரம் அடித்துத் தங்கப் புறப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விலை உயர்ந்த கேமரா வைத்திருப்பவருக்கும் கையில் கைபேசி மட்டும் இருப்பவருக்கும் இது பொருந்தும்.

எந்த மாதம் போனால் படம் நன்றாக வரும்?

பொங்கல் முதல் மார்ச் இறுதி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் துலங்கி, வெயில் இன்னும் கடுமையாகாத காலம் அது. பூநாரைகளும் (ஃபிளமிங்கோ பறவைகள்) அப்போது இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூடாரத்தை நினைக்கவே வேண்டாம். மழை, புயல் எச்சரிக்கை, கொந்தளிக்கும் கடல் என்று எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத மாதங்கள் அவை.

பள்ளி விடுமுறை என்பதால் பலர் மே மாதத்தில்தான் போகிறார்கள். அப்படியானால் கச்சான் காற்றைக் கணக்கில் கொள்ளுங்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று மன்னார் வளைகுடாப் பக்கம் மணலை வாரி இறைக்கும். கூடாரத்தின் முளைகள் பிடுங்கிக்கொள்ளும், கேமராவின் ஒவ்வொரு இடுக்கிலும் மணல் ஏறும். அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பிறகும் மட்டும் படம் எடுங்கள். நடுப்பகலை நிழலுக்கும் தூக்கத்துக்கும் விட்டுவிடுங்கள்.

கூடாரத்தை எங்கே அடிப்பது?

அரியமான் போன்ற பாக் விரிகுடாப் பக்கத்துக் கரைதான் குடும்பத்துக்கு ஏற்றது. அலை அதிகம் இல்லை, சவுக்கு மரங்களின் நிழல் உண்டு. ஆனால் தோப்பு யாருடையது என்று முதலில் கேளுங்கள். தனியாருடையது என்றால் உரிமையாளரிடமும், அரசு நிலம் என்றால் உரிய அலுவலகத்திலும் அனுமதி பெறவேண்டும். இது எல்லைக் கடல் என்பதால் கடலோரக் காவல் படையினர் இரவில் வந்து விசாரிக்கக்கூடும். பக்கத்துக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நிம்மதி.

தனுஷ்கோடியில் இரவு தங்க முடியாது. மாலையானதும் பார்வையாளர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே சூரிய உதயத்தை உங்கள் கூடாரக் கரையிலேயே எடுப்பதாகத் திட்டமிடுங்கள். ஜனவரி நடுவில் சூரியன் ஏறத்தாழ ஆறரை மணிக்கு எழும். ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன்பே எழுந்துவிடும். அதற்கு அரை மணி நேரம் முன்பே கரையில் நிற்கவேண்டும். நிறம் மிகுதியாக இருப்பது சூரியன் தலைகாட்டுவதற்கு முந்தைய நிமிடங்களில்தான்.

கூடாரத்தைத் தோப்பின் உட்புறம், அலை ஏறிய தடத்துக்கு நன்கு மேலே அடியுங்கள். மரங்களுக்கு இடையே வடிந்து வரும் காலை வெளிச்சம் முகங்களுக்கு மிக நல்லது. திறந்த மணலில் அடித்த கூடாரம் படத்தில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பத்து மணிக்கு மேல் அதற்குள் யாராலும் உட்கார முடியாது.

கைபேசி போதுமா, கேமரா வாங்கவேண்டுமா?

போதும். பறவைகளையும் நட்சத்திரங்களையும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இன்றைய கைபேசி தாராளமாகப் போதும். இந்தப் பயணத்துக்காகக் கேமரா வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் இன்னும் ஓர் இரவு கூடுதலாகத் தங்கலாம்.

கைபேசியில் எடுத்த கடற்கரைப் படங்கள் மங்கலாக, பனி மூடியதுபோல் இருக்கின்றன என்று பலர் வருந்துகிறார்கள். பெரும்பாலும் காரணம் லென்ஸ் மேல் படிந்த உப்புப் படலமும் விரல் பிசுக்கும்தான். கடற்காற்றில் கால்மணி நேரம் நின்றாலே அது படிந்துவிடும். படம் எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள். மணல் ஒட்டியிருந்தால் முதலில் ஊதிவிட்டுப் பிறகு துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் கீறல் விழும்.

மணலிலிருந்தும் உப்பிலிருந்தும் கேமராவை எப்படிக் காப்பது?

கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். இதைவிட முக்கியமான விதி வேறில்லை. ஒரே ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு இறங்குங்கள், மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் காருக்குள் கதவை மூடிக்கொண்டு மாற்றுங்கள். லென்ஸின் முன்னே ஒரு சாதாரணக் கண்ணாடி ஃபில்டர் இருக்கட்டும். உப்பும் மணலும் அதன் மேல் படியும், கீறினால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பயன்படுத்தாத நேரத்தில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். மாலையில் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வெளிப்புறம் முழுவதையும் துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். உலர்ந்த துணியால் மட்டும் தேய்த்தால் உப்பு போகாது. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படரும். கேமராவைப் பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டு வைத்து, வெளி வெப்பத்துக்கு வந்த பிறகு எடுங்கள்.

கடலும் மணலும் நன்றாக விழுகின்றன, முகங்கள் மட்டும் கறுத்துவிடுகின்றன. ஏன்?

கேமரா தன் எதிரே உள்ள காட்சி முழுவதையும் சராசரி வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெண்மணலும் மின்னும் கடலும் சட்டத்தின் பெரும்பகுதியை அடைத்திருப்பதால், வெளிச்சம் மிகுதி என்று எண்ணி எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடுகிறது. அதில் அடிபடுவது முகம். கைபேசியில் முகத்தின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளுங்கள். கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, +0.7 அல்லது +1 என்று கூட்டுங்கள்.

இன்னும் நல்ல வழி, ஆளை இடம் மாற்றுவது. சவுக்கு நிழலின் விளிம்பில், முகம் கடலைப் பார்க்க நிற்கச் சொல்லுங்கள். வெயிலில் காயும் மணல் வெளிச்சத்தை முகத்தின் மேல் மென்மையாகத் திருப்பி அனுப்பும். நடுப்பகலில் வெட்டவெளியில் எடுத்தே தீரவேண்டும் என்றால், பகலானாலும் ஃபிளாஷைப் போடுங்கள். கண்ணுக்குக் கீழே விழும் கருநிழல் போய்விடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். முகத்தை வெளுப்பாக்கும் 'அழகு' வசதியைத் தயவுசெய்து அணைத்து வையுங்கள். மாலை வெயில் படும் கரிய மேனியின் நிறத்துக்கு ஈடான நிறம் அந்தக் கரையில் வேறில்லை. அதைச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆக்கிவிட்டு, பத்து ஆண்டுகள் கழித்து உங்கள் மகள் தன் முகத்தையே அடையாளம் தெரியாமல் பார்க்கவேண்டுமா?

எங்கள் படங்கள் எல்லாம் வரிசையில் நின்று சிரிப்பதாகவே இருக்கின்றன. வேறு என்னதான் எடுப்பது?

வேலைகளை எடுங்கள். கூடார வாழ்க்கை முழுவதும் வேலைதான், படத்துக்குரிய பொருளும் அதுதான். கயிற்றை இழுத்துக் கட்டும் மாமா, அடுப்பை மூட்டக் காற்றுக்கு எதிரே துணியை விரித்துப் பிடிக்கும் சிறுவர்கள், தண்ணீர்க் குடத்தை இரண்டு பேராகத் தூக்கிவரும் அக்காவும் தம்பியும், அதிகாலையில் கரைக்கு வந்த படகில் நகரை மீனையோ பாறை மீனையோ விலை பேசி வாங்கும் தாத்தா, வாங்கியதைச் செதில் நீக்கும் கைகள். இந்த நேரங்களில் யாரும் கேமராவுக்காக முகத்தை இறுக்கிக்கொள்வதில்லை. யார் யாரோடு எப்படிப் பழகினார்கள் என்பது அப்படியே தெரியும்.

ஒவ்வொரு வேலையிலும் மூன்று விதமாக எடுத்துப் பழகுங்கள். தூரத்தில் நின்று இடம் முழுவதும் தெரியும்படி ஒன்று. நெருங்கி வந்து இருவருக்கு இடையே நடப்பது ஒன்று. மிக அருகில் கை, பாத்திரம், ஈரத்துணி என ஒரு சிறு பகுதி மட்டும் ஒன்று. வீட்டுக்கு வந்து மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், அன்று காலை நடந்தது முழுவதும் கண்முன் வந்துவிடும்.

பாட்டியை நிற்கவைத்து எடுக்காதீர்கள். நாற்காலியைக் கடலோரம் போட்டு, கையில் வெற்றிலையோ உரிப்பதற்கு வெங்காயமோ கொடுத்துவிட்டு, ஒரு பேரப்பிள்ளையை அருகில் உட்காரச் சொல்லி நகர்ந்துவிடுங்கள். கதை தொடங்கிய பிறகு திரும்பி வாருங்கள்.

அடுத்தது அம்மாவைப் பற்றியது. இதில் எனக்கு மிகுந்த ஆதங்கம் உண்டு. குடும்ப ஆல்பங்களைப் புரட்டினால் அம்மா இரண்டு இடங்களில்தான் இருப்பார்: அடுப்படியில், அல்லது எல்லோரும் நிற்கும் வரிசையின் ஓரத்தில். அவர் கடலில் கால் நனைத்த படம் இருக்காது, மணலில் படுத்து வானம் பார்த்த படம் இருக்காது. காரணம், அவர் அதற்கெல்லாம் போகவே இல்லை. ஒரு வேளையாவது சமையலை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் போய் அலையில் நிற்கட்டும். அந்தப் படம் அப்போது தானாக வரும். படம் எடுப்பவரே எந்தப் படத்திலும் இல்லாமல் போவதும் இதே போன்ற குறைதான். நாள்தோறும் ஒருவர் கேமராவை ஏற்பது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுக்கலாமா?

கட்டாயம் கொடுங்கள். பழைய கைபேசி ஒன்றைக் கழுத்தில் மாட்டும் பட்டையோடு கொடுத்தால் போதும். நண்டு வளை, தாத்தாவின் பாதம், கூடாரத்தின் கூரை என்று பெரியவர்கள் எடுக்க நினைக்காதவற்றை எல்லாம் எடுப்பார்கள். உங்கள் முகம் கீழிருந்து எப்படித் தெரிகிறது என்பதும் அவர்கள் படத்தில்தான் தெரியும். எடுத்ததைக் குறை சொல்லாதீர்கள், அழிக்கவும் சொல்லாதீர்கள்.

பிள்ளைகள் தண்ணீரில் ஆடும்போது எடுப்பது எப்படி?

முதலில் ஒரு விதி. படம் எடுப்பவர் பிள்ளைகளைக் கவனிக்கும் ஆளாக இருக்கக் கூடாது. திரையைப் பார்க்கும் கண் கடலைப் பார்ப்பதில்லை. கையில் எதுவும் இல்லாத பெரியவர் ஒருவர் தண்ணீரோரம் நின்றால் மட்டுமே கேமராவை எடுங்கள். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை.

தனுஷ்கோடியில் மீனவர்கள் பாக் விரிகுடாப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அமைதியான கடல் முன்னது, சீற்றமும் இழுப்பும் உள்ளது பின்னது. ஆண்கடலில் பிள்ளைகளை இறக்கவேண்டாம், அலைக்கு முதுகு காட்டி நிற்கவைத்துப் படம் எடுக்கவும் வேண்டாம்.

பாதுகாப்பு உறுதியான பிறகு முழங்காலிட்டு அவர்கள் உயரத்துக்குத் தாழுங்கள். கேமராவில் ஷட்டர் வேகம் 1/1000 வினாடி இருந்தால் சிதறும் நீர்த்துளிகள் அந்தரத்தில் நிற்கும். கைபேசியில் தொடர்ச்சியாக எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். தொடுவானம் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் கடலே வழிந்து ஓடுவதுபோல் தெரியும். கட்டக் கோடுகளைத் திரையில் வரவழைத்து நேராக வையுங்கள்.

தனுஷ்கோடியில் எதை எடுப்பது?

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது, அதில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சங்களும் இன்றும் நிற்கின்றன. அந்தச் சுவர்களின் மேல் ஏறி நின்று குதிப்பதுபோல் படம் எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. பவளக்கல்லால் எழுப்பிய பழைய சுவர்கள் அவை, மிதித்தால் உதிர்கின்றன. பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், அவர்கள் அந்தச் சுவர்களைப் பார்க்கும் முகத்தை எடுங்கள்.

தனுஷ்கோடிச் சாலை முடியும் நுனியான அரிச்சல்முனையில் இரண்டு கடலும் இருபுறமும் தெரியும். பகல் பதினொரு மணிக்குப் போனால் நெரிசலும் கூசும் வெயிலும்தான். காலையில் விடத் தொடங்கியதும் முதல் ஆளாகப் போய்விடுங்கள். வழியில் உள்ள ஓலைக் குடிசைகள் மக்கள் வாழும் வீடுகள். எட்டிப் பார்த்து எடுக்காதீர்கள்.

பாம்பனில், 1914ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு அருகே எழுப்பி 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம் சாலைப் பாலத்திலிருந்து நன்றாகத் தெரியும். காரை நடுப்பாலத்தில் நிறுத்தாதீர்கள். பாலத்துக்கு முன்பே இறங்கி, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் போங்கள். இராமேசுவரம் கோயிலுக்குள் கேமராவுக்கும் கைபேசிக்கும் அனுமதி இல்லை. அக்னி தீர்த்தக் கரையில் தர்ப்பணம் கொடுப்பவர்களையும் நீராடுபவர்களையும் எடுக்கவேண்டாம்.

மீனவர்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுக்கலாம். கரைவலை இழுப்பதை எடுக்க ஆசைப்படாதவர் இல்லை. இருபுறமும் வரிசையாக நின்று, ஒரே தாளத்தில் பின்னோக்கி நடந்து வலையைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். "அண்ணே, படம் எடுத்துக்கலாமா?" என்று ஒரு சொல் கேட்பதில் குறைந்துபோவது ஒன்றுமில்லை. கயிற்றுக்குக் குறுக்கே போகாதீர்கள். மீன் சேரும் வலையின் பையான மடி கரை சேரும் நேரத்தில் விலகி நில்லுங்கள், அவர்களுடைய அன்றைய வருமானம் அந்த மடியில்தான் இருக்கிறது. மீன் குறைவாக விழுந்தால் கேமராவைத் தாழ்த்திவிடுங்கள். கடற்பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள் ஈர உடையோடு கரையேறும்போது படம் எடுப்பது கூடவே கூடாது.

எடுத்த படத்தை அவர்களுக்கு அனுப்பி வைப்பதாகச் சொன்னால் அனுப்பி வையுங்கள். பலர் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

பறவை, ஆமை, பவளம்?

தனுஷ்கோடிப் பகுதியைத் தமிழ்நாடு அரசு 2025ல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. சாலையோரத்திலிருந்தே எடுங்கள். மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் தலையை நிமிர்த்தி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டும் என்பதற்காக விரட்டுகிறவர்கள், நெடுந்தூரம் பறந்து வந்த பறவையின் இரையைப் பறிக்கிறார்கள்.

பங்குனி ஆமை ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் கரையேறி முட்டையிடும். ஃபிளாஷும் டார்ச்சும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடலாம், குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் வெளிச்சத்தை நோக்கித் திரும்பிவிடும். இருட்டில் பார்த்த காட்சியாகவே அது இருக்கட்டும். பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எதையும் படத்துக்காகக்கூட வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

ட்ரோன் பறக்க விடலாமா?

வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது, எதிரே பன்னாட்டுக் கடல் எல்லை. 250 கிராமுக்குக் குறைந்த சிறு ட்ரோனாக இருந்தாலும் தடை செய்த வான்பகுதியில் அனுமதியின்றிப் பறக்க விட முடியாது.

இரவில் கூடாரத்தையும் நட்சத்திரங்களையும் எடுப்பது எப்படி?

உள்ளே விளக்கு எரியக் கூடாரம் ஒளிரும் படத்துக்கு நள்ளிரவு ஏற்றதல்ல. சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்து, வானம் கருநீலமாக இருக்கும் சிறு நேரத்தில் எடுக்கவேண்டும். நம் ஊர்களில் அந்தி விரைவாக முடிந்துவிடும், ஆகவே மறைவதற்கு முன்பே டிரைபாடை நிறுத்தித் தயாராக இருங்கள். கூடாரத்துக்குள் சிறிய விளக்கை ஒரு வெள்ளைத் துணியால் மூடி வைத்தால் போதும்.

நட்சத்திரங்களுக்கு அமாவாசையை ஒட்டிய நாட்கள். அகலமான காட்சியைப் பிடிக்கும் லென்ஸ், எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு), ஐ.எஸ்.ஓ. 3200 (ஒளியை உணரும் திறன்), ஷட்டர் திறந்திருக்கும் நேரம் பதினைந்து முதல் இருபது வினாடி என்று தொடங்கிப் பாருங்கள். அதற்கு மேல் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். பிப்ரவரி முன்னிரவில் கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை நான்கையும் பிள்ளைகளுக்கு வரிசையாகக் காட்டலாம். தெற்கே தாழ்வாக அகத்திய நட்சத்திரம் இருக்கும். பால்வீதியின் செறிந்த பகுதி வேண்டும் என்றால் மார்ச்சில் விடியலுக்கு முன் எழுந்து தென்கிழக்கே பாருங்கள்.

கைபேசி கடலில் விழுந்துவிட்டால்?

உடனே அணைத்துவிடுங்கள். 'நீர் புகாது' என்று விற்கும் கைபேசிகளின் தரம் நல்ல தண்ணீரில் சோதித்துச் சொல்லப்படுவது, உப்புநீருக்கு அந்த உறுதி இல்லை. அத்தகைய கைபேசியை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, துடைத்து, முழுவதும் உலரும் வரை சார்ஜ் போடாமல் வையுங்கள். அரிசிப் பானையில் புதைக்கவேண்டாம், தூசிதான் உள்ளே போகும். கேமரா விழுந்தால் பேட்டரியையும் கார்டையும் கழற்றி எடுத்துவிட்டு, மீண்டும் இயக்கிப் பார்க்காமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

சார்ஜ் போட வழியில்லையே?

பெரிய பவர் பேங்க் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், படம் எடுக்கும் கைபேசியை மட்டும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வெயில் படும் கூடாரத்துக்குள்ளும் பூட்டிய காருக்குள்ளும் வைக்காதீர்கள். சூட்டில் கைபேசி தானாக நின்றுவிடும், பேட்டரியின் ஆயுளும் குறையும்.

படங்களை இணையத்தில் போடலாமா?

உறவினர்களுக்கு அனுப்புங்கள், பொதுவெளியில் யோசித்துப் போடுங்கள். குளிக்கும் பிள்ளைகளின் படங்களைப் போடவே வேண்டாம். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அவரிடமே கேளுங்கள், வேண்டாம் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தங்கியிருக்கும்போதே இடத்தைக் குறித்துப் பதிவிட்டால், வீடு பூட்டியிருக்கிறது என்பதையும் ஊருக்குச் சொன்னதாகும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள், படத்தின் அளவும் தரமும் குறையாது.

நூற்றுக்கணக்கில் எடுத்துவிட்டோம். என்ன செய்வது?

ஊர் திரும்பிய வாரத்திலேயே கணினியிலும் தனி ஹார்ட் டிஸ்க்கிலுமாக இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள், அதுவரை கார்டை அழிக்காதீர்கள். பிறகு குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஐந்தைத் தேர்ந்தெடுக்கட்டும், பாட்டியும் கடைக்குட்டியும் உட்பட. அவற்றை மட்டும் அச்சிடுங்கள். அச்சுப்படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் இடம், மாதம், ஆண்டு, படத்தில் உள்ளவர்களின் பெயர், எடுத்தவரின் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும். ஒரு பிரதியைப் பாட்டி வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.